தயிர்சாதத்துக்குள் ஒரு தெர்மாமீட்டர்: சாப்பாடு சப்ளை தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐம்பது பேருக்கோ முந்நூறு பேருக்கோ சமைத்து, தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மதியச் சாப்பாடு அனுப்பும் தொழிலைத் தொடங்கப்போகிறீர்கள் என்றால் அடுப்பு, அண்டா, கிரைண்டர், மாஸ்டர், வண்டி என்று ஒரு பட்டியல் கையில் இருக்கும். அதன் தலையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: உணவுக்குள் குத்திப் பார்க்கும் கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உணவுப் பாதுகாப்பு என்றதும் வலைத்தொப்பியும் கையுறையும் வெள்ளை டைல்ஸும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவையும் வேண்டும். ஆனால் டைல்ஸ் பளபளக்கும் சமையற்கூடத்திலிருந்து போன சாப்பாடு ஆட்களைப் படுக்கவைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அது பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதம். நான் மேற்பார்வையாளராக இருந்த இடத்திலிருந்து ஒரு தொழிற்சாலைக்குச் சாம்பார் சாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஊறுகாய் போயின. ஒரு மணிக்குச் சாப்பிட்டார்கள். நான்கு மணிக்குள் பதினான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். காய்ச்சல் யாருக்கும் இல்லை. மறுநாள் காலை எல்லோரும் எழுந்து நடமாடினார்கள் என்பதே எங்களுக்குப் பெரும் ஆறுதல். சமையற்கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். தரையில் ஒரு பருக்கை கிடையாது. சாதம் மட்டும் விடியற்காலை நான்கரை மணிக்கு வடிக்கப்பட்டு, அன்னக்கூடையில் குவிக்கப்பட்டு, காய்ந்துவிடாமல் ஈரத்துணி போட்டு மூடப்பட்டு, பத்து மணி வரை அப்படியே இருந்திருக்கிறது. பத்து மணிக்கு மாஸ்டர் கையை விட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக இருக்கிறது, பதம் சரி என்று சொல்லிப் பாலும் கொஞ்சம் தயிரும் ஊற்றிப் பிசைந்திருக்கிறார்.

அந்த வெதுவெதுப்பில்தான் வினை. அரிசியோடு வயலிலிருந்தே வரும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா கொதிநீரில் செத்துப்போகும். அதன் வித்துகள் சாவதில்லை. சூடு இறங்கியதும் வித்துகள் முளைத்துப் பெருகுகின்றன, பெருகும்போது ஒரு நஞ்சை உண்டாக்குகின்றன. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். மறுபடி சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தி தொடங்கிய நேரத்தைக் கேட்ட மருத்துவர் இதையே சந்தேகித்தார். உறுதிப்படுத்தத்தான் வழியில்லாமல் போனது. ஆய்வகத்துக்குக் கொடுக்க ஒரு கைப்பிடிச் சாதம்கூட நாங்கள் எடுத்துவைத்திருக்கவில்லை.

கீழே உள்ள வரிசை அந்த நாளிலிருந்து நான் கற்றுக்கொண்டது. பெரிய ஆலைகளில் இதையே தடித்த கோப்புகளாக வைத்திருப்பார்கள். சிறு சமையற்கூடத்துக்கு ஒரு நோட்டும் ஒரு கடிகாரமும் போதும்.

முதல் படி: தெர்மாமீட்டரையே முதலில் சோதியுங்கள்

ஒரு டம்ளரில் உடைத்த ஐஸை நிரப்பி, இடுக்குகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். இரண்டு நிமிடம் கழித்துக் கம்பியை நடுவில் நிறுத்துங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. 0 டிகிரி காட்ட வேண்டும். ஒரு டிகிரி முன்பின் இருந்தால் அதைக் கருவியின் முதுகில் எழுதி ஒட்டிவைத்துக் கணக்கில் கொள்ளலாம். அதற்கு மேல் பிசகினால் வேறு வாங்குங்கள். கொதிநீரிலும் பார்க்கலாம்: சென்னையிலோ தஞ்சாவூரிலோ 100 காட்டும், ஊட்டியில் 92, 93 அளவில் நின்றுவிடும். கருவியில் கோளாறு இல்லை. அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே அவ்வளவில்தான். மலைப்பகுதியில் கடை வைப்பவர்கள் பருப்பும் இறைச்சியும் வேகக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

துப்பாக்கி போல நீட்டிப் பார்க்கும் கருவியை நம்பி இருக்காதீர்கள். அது மேற்பரப்பின் சூட்டை மட்டும் சொல்லும். அண்டாவின் நடுவில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. பாதரசம் உள்ள கண்ணாடித் தெர்மாமீட்டர் சமையற்கூட வாசலையே தாண்டக்கூடாது. ஒவ்வொரு முறை குத்துவதற்கு முன்பும் கம்பியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள். துடைக்காமல் கோழிக்குழம்பிலிருந்து தயிருக்குப் போனால், கிருமியை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு பண்டத்தின் பின்னால் நடங்கள்

மெனு முழுவதையும் ஒரே நாளில் ஆராயப் புறப்படுபவர்கள் மூன்றாம் நாளில் கைவிட்டுவிடுகிறார்கள். ஒரு பண்டத்தை எடுத்துக்கொண்டு, மூட்டையிலிருந்து தட்டு வரைக்கும் அதன் பின்னாலேயே போங்கள். அரை மணிக்கு ஒரு முறை குத்தி, மணியையும் டிகிரியையும் எழுதுங்கள்.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த வாரம், அதே முறையில் அதே அளவு சாதத்தை வடித்து அன்னக்கூடையில் மூடிவைத்து நான் அளந்தேன். ஐந்து மணிக்கு நடுவில் 88 டிகிரி. ஏழு மணிக்கு நடுவில் 68, ஓரத்தில் 47. எட்டரைக்கு நடுவில் 55, ஓரத்தில் 39. பத்து மணிக்கு நடுவில் 44, ஓரத்தில் 36. நடுவில் கை வைத்தவருக்கு அது சூடான சாதம். ஓரத்தில் இருந்த சாதமோ மூன்று மணி நேரத்துக்கு மேலாகக் கிருமிகள் பெருகக்கூடிய சூட்டில் ஈரத்துணிக்கடியில் இருந்தது. மாஸ்டர் அந்த எண்களைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. முப்பது ஆண்டுகள் கையால் பதம் பார்த்த மனிதர். அவருடைய கை பொய் சொல்லவில்லை. ஓரத்தை அது தொட்டதில்லை, அவ்வளவுதான்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டதை ஆபத்து மண்டலம் என்கிறார்கள். நல்ல சூழல் அமைந்தால் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகிறது. சமைத்த உணவு இந்த மண்டலத்தில் கழிக்கும் நேரத்தை எல்லாம் கூட்டினால் நான்கு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. நான் மூன்றிலேயே நிறுத்திக்கொள்வேன், ஏனென்றால் நம் ஊர் வண்டி எந்தச் சிக்னலில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நாங்கள் செய்த மாற்றம் எளிமையானது. தயிர்சாதத்துக்கான அரிசியை மட்டும் தனியாக, எட்டு மணிக்கு மேல் வடித்தோம். அன்னக்கூடையில் குவிக்காமல் அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பினோம். மே மாதத்தில் அறையே 35 டிகிரி இருக்கும், விசிறி மட்டும் போதாது. ஐஸ் போட்ட பெரிய தட்டின் மேல் சாதத் தட்டை வைத்தோம். தயிரை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கலந்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினோம்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். மதியத்துக்குள் புளித்துவிடக்கூடாது என்பதற்காகப் பாலை அதிகம் ஊற்றி, தயிரைப் பெயருக்குச் சேர்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தப் புளிப்புதான் காவல்காரன். நன்கு புளித்த தயிரின் அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் பெருகத் திணறும். பாலில் அவை செழிக்கும். புளியோதரை ஒரு நாள் தாங்குவதற்கும் இதுவே காரணம்: புளியின் அமிலம், எண்ணெய், குறைந்த ஈரம். பழைய சோற்றை மட்டும் காலங்காலமாகச் சாப்பிடுகிறோமே என்று கேட்பவர்கள் உண்டு. பழைய சோறு தண்ணீரில் மூழ்கி ஆறிப் புளிக்கிறது. அமிலம் ஏறிய உணவு அது. மூடிவைத்த அன்னக்கூடையில் புளிப்பும் ஏறுவதில்லை, சூடும் இறங்குவதில்லை. வீட்டில் நான்கு பேருக்கு ஒத்துவருவது நானூறு பேருக்கு ஒத்துவராமல் போவது பெரும்பாலும் அளவினால்தான். பெரிய பாத்திரம் மெதுவாக ஆறும்.

மூன்றாம் படி: எங்கே பிடிப்பது என்று முடிவு செய்யுங்கள்

1960களில் அமெரிக்காவில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்கும் வேலை பில்ஸ்பரி நிறுவனத்திடம் வந்தது. சமைத்து முடித்ததைச் சோதித்துப் பாதுகாப்பை உறுதிசெய்வதென்றால் சமைத்ததில் பெரும்பகுதி சோதனைக்கே போய்விடும் என்று அவர்கள் கண்டார்கள். அதனால் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, ஆபத்து நுழையும் இடத்திலேயே அதைப் பிடிக்கும் முறையை நாசாவோடும் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தோடும் சேர்ந்து உருவாக்கினார்கள். இன்று ஹாசப் என்ற பெயரில் உலகம் முழுவதும் உணவு ஆலைகள் பின்பற்றுவது அதைத்தான். அதன் ஏழு கோட்பாடுகளையும் சமையற்கூட மொழியில் இப்படிக் கேட்டுக்கொள்ளலாம்: எங்கே ஆபத்து, எந்த இடத்தில் அதைப் பிடிப்பது, எந்த அளவைத் தாண்டக்கூடாது, யார் பார்ப்பது, தாண்டிவிட்டால் என்ன செய்வது, முறை வேலை செய்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது, எழுதிவைத்தோமா.

உங்கள் சுவரில் ஒட்டவேண்டிய அளவுகள் இவை. கோழி, இறைச்சி, முட்டை உள்ளே 75 டிகிரி தொட வேண்டும். சூடாகப் பரிமாறுவது கடைசித் தட்டு வரை 60க்குக் கீழே இறங்கக்கூடாது. ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைப்பது 60லிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும். மறுபடி சுட வைப்பது ஒரே ஒரு முறை, நடுவில் 75 டிகிரியில் இரண்டு நிமிடம்.

சொல்ல எளிது. முப்பது லிட்டர் சாம்பாரைக் குண்டானோடு ஃபிரிட்ஜுக்குள் தள்ளிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் நடுவில் வெதுவெதுப்பு இருக்கும், பக்கத்தில் இருந்த பாலும் கெட்டிருக்கும். குருமா, இறைச்சிக் குழம்பு போன்ற கெட்டியானவை இன்னும் மெதுவாக ஆறும். சிறு பாத்திரங்களில் பிரித்து, ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் நிறுத்திக் கிளறி, பிறகு உள்ளே வையுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை: முதல் ஆறு மாதம் மீந்ததைச் சேமிப்பதே வேண்டாம். அன்றன்று சமைத்து, அன்றன்று தீருங்கள்.

ஹாட் பாக்ஸ் சூட்டை உண்டாக்காது, இருக்கும் சூட்டைக் காக்கும். காலையில் குளிர்ந்து கிடக்கும் பெட்டியில் சாம்பாரை ஊற்றினால் பெட்டியே முதலில் சூட்டைக் குடித்துவிடும். கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து, கொட்டிவிட்டு, பிறகு நிரப்புங்கள். கிளம்பும்போது ஒரு முறை, போய்ச் சேர்ந்ததும் ஒரு முறை குத்திப் பாருங்கள். வண்டி ஓட்டுபவருக்கும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுங்கள்.

அளவு தவறினால் என்ன செய்வது என்பதை அமைதியான ஒரு மாலையில் உட்கார்ந்து எழுதிவையுங்கள். சாம்பார் 60க்குக் கீழே இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் கொதிக்கவைத்து அனுப்பலாம். எப்போது இறங்கியது என்று தெரியாவிட்டால் கொட்டிவிட வேண்டும். கொட்டும் அதிகாரம் அங்கே நிற்கும் மேற்பார்வையாளரிடம் இருக்க வேண்டும். முதலாளிக்குப் போன் செய்து அனுமதி வாங்க வேண்டும் என்று வைத்தால், பன்னிரண்டரை மணிக்கு, வண்டி வாசலில் நிற்கும்போது, ஒருவரும் போன் செய்ய மாட்டார்கள்.

நான்காம் படி: தேங்காய்ச் சட்னியைத் தனியாக நடத்துங்கள்

காலை டிபனும் கொடுப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இட்லி ஆவியில் வேகிறது. சாம்பார் கொதிக்கிறது. சட்னி மட்டும் எந்த நெருப்பையும் பார்ப்பதில்லை. பச்சைத் தேங்காய், பொட்டுக்கடலை, மிளகாய், தண்ணீர், அத்தனையும் ஈரத்தோடு, அறைச் சூட்டில், பத்து மணி வரை வாளியில் இருக்கும். மேலே கொட்டும் தாளிப்பு மணம் தரும். அந்த ஒரு கரண்டி சூடு வாளிச் சட்னியை எட்டாது. இட்லி சாப்பிட்டு வயிறு கெட்டது என்று சொல்பவர்களில் பலருக்கு இட்லி குற்றமற்றது என்பதே என் கருத்து.

ஒரு நாள் மிக்ஸி ஜாரின் அடியைத் திருகிப் பிளேடைக் கழற்றினேன். ரப்பர் வாஷருக்கு அடியில் நகக்கண் அளவுக்குக் கறுத்த வழவழப்பு, புளித்த வாடையோடு. ஜாரைத் தினமும் மூன்று முறை கழுவியதாக உதவியாள் சொன்னார். உண்மைதான், அவர் கழுவினார். கழற்றிக் கழுவ வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கிரைண்டர் குழவியின் அடிப்பக்கம், தேங்காய்த் துருவியின் பல், தண்ணீர்க் கேன் குழாயின் உட்புறம், எல்லாமே இப்படித்தான். கழற்றக்கூடியது எதுவோ அதைத் தினமும் கழற்றுங்கள்.

சட்னிக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மட்டும். ஒரே வாளியாக அரைத்துவைக்காமல் இரண்டு மணி நேரத்துக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள். அடியில் மீந்த பழைய சட்னியின் மேல் புதியதை ஊற்றாதீர்கள். காலை ஆறு மணிச் சட்னியில் ஒரு கரண்டி இருந்தாலே ஒன்பது மணி வாளி முழுவதும் ஆறு மணி வாளிதான். வாளியை மாற்றுங்கள், கரண்டியையும் மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: தண்ணீர்

லாரித் தண்ணீரோ போர்த் தண்ணீரோ, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து, குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 படி சோதித்து அறிக்கை வாங்குங்கள். சம்ப்பையும் மேல்தொட்டியையும் கழுவிய தேதியைத் தொட்டியின் மேலேயே பெயிண்டால் எழுதுங்கள். குளோரின் போட்ட தண்ணீரில் குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மீதி இருக்க வேண்டும். சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக நிறம் மாறும் சிறு பெட்டி கடைகளில் விற்கிறது. ஒவ்வொரு தொட்டி நிறைந்த பின்னும் பாருங்கள்.

சமைக்காமல் போகும் வெள்ளரி, கொத்தமல்லி, கறிவேப்பிலை, வெங்காயத்தை முதலில் மண் போக அலசுங்கள். பிறகு உணவுக்கு ஏற்ற 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டை லிட்டருக்கு ஒரு மில்லி கலந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் மறுபடி அலசுங்கள். வாசனை சேர்த்த தரை துடைக்கும் திரவம் இதற்கு உதவாது.

ஆறாம் படி: கை

சமைப்பவரின் கை, மூக்கு, ஆறாத புண் ஆகியவற்றில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருக்கக்கூடும். அது உணவில் பெருகி விடும் நஞ்சும் சூட்டுக்கு அசையாது. விரலில் வெட்டுக்காயம் பட்டவர் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, அதன் மேல் கையுறை போட்ட பிறகே உணவைத் தொடலாம். கையுறை போட்டுக்கொண்டு மூக்கைத் தொடுபவரைவிட, வெறுங்கையைச் சோப்பால் இருபது விநாடி தேய்த்துக் கழுவியவர் மேல். கை கழுவும் தொட்டி பாத்திரம் கழுவும் தொட்டியாக இருக்கக்கூடாது. அங்கே எப்போதும் சோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சோப்பு தீர்ந்த கிண்ணத்தைவிட நேர்மையான தணிக்கை அறிக்கை கிடையாது.

மணிக்கட்டுக் கயிறு நம் ஊரில் நுட்பமான விஷயம். கோயிலில் கட்டியதைக் கழற்று என்று சொன்னால் மனம் நோகும். அதைச் சொல்லாமல் விட்டால் மாவிலும் சட்னியிலும் நனைந்து, காயாமல், நாள்கணக்கில் அங்கேயே இருக்கும். நான் முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொள்ளச் சொல்வேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது இது: வயிற்றுப்போக்கோ வாந்தியோ காய்ச்சலோ உள்ளவர் வீட்டில் இருக்க வேண்டும், அவருக்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது. பிடித்தால் அவர் வருவார். வந்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுச் சாதம் பிசைவார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஒரு நாள் கூலி நானூறு பேரின் வயிற்றுக்கு எதிரே எவ்வளவு சிறியது என்று கணக்குப் போடவேண்டியவர் முதலாளிதான். அறிகுறி நின்ற பிறகும் இரண்டு நாள் உணவைத் தொடாத வேலை கொடுங்கள்.

ஏழாம் படி: சரக்கு, பலகை, எண்ணெய்

முதலில் வந்தது முதலில் போக வேண்டும். வந்த தேதியை மூட்டையில் எழுதினால்தான் அது நடக்கும். மூட்டைகள் தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் இருக்கட்டும். பூஞ்சை வாடை அடிக்கும் நிலக்கடலையைப் புடைத்துப் பயன்படுத்தாதீர்கள். அந்தப் பூஞ்சை விடும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. பச்சை இறைச்சிக்கும் காய்க்கும் பலகை, கத்தி இரண்டும் தனித்தனி நிறத்தில். ஃபிரிட்ஜில் பச்சை இறைச்சி எப்போதும் கீழ்த்தட்டில். பச்சை முட்டை மயோனைஸ் பக்கமே போகாதீர்கள். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டுத் தடை விதித்ததற்குக் காரணம் சால்மோனெல்லா போன்ற கிருமிகள்தான். பொரித்த எண்ணெயில், திரும்பத் திரும்பக் காய்வதால் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அளக்கும் கருவி இல்லாதவர்கள் பழைய எண்ணெயில் புதியதை ஊற்றி ஓட்டும் பழக்கத்தை நிறுத்தினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வடையையும் பஜ்ஜியையும் செய்தித்தாளில் மடிக்காதீர்கள். அச்சு மை எண்ணெயில் இறங்கும், சட்டமும் அதைத் தடுக்கிறது.

எட்டாம் படி: குறிப்பேடும் மாதிரிப் பெட்டியும்

நோட்டில் ஐந்தே கட்டங்கள்: பண்டம், மணி, டிகிரி, பார்த்தவர் கையெழுத்து, என்ன செய்தோம். பேனாவை நூலில் கட்டி அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள், ஏனென்றால் பேனா தேடும் நேரத்தில்தான் குறிப்புகள் தொலைகின்றன. மாலையில் உட்கார்ந்து ஒரே மையில், ஒரே கையெழுத்தில், எல்லாக் கட்டத்திலும் 65, 65, 65 என்று நிரப்பிய நோட்டை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடலாம். அதைவிட வெற்று நோட்டு நல்லது. உண்மையான குறிப்பேட்டில் எண்ணெய்க் கறை இருக்கும், 58 என்றும் எழுதியிருக்கும், பக்கத்தில் 'கொதிக்கவைத்தோம், 91' என்றும் இருக்கும்.

வண்டி கிளம்புமுன் ஒவ்வொரு பண்டத்திலும் சுமார் 100 கிராம், கொதிநீரில் போட்டெடுத்த சிறு டப்பாவில், சுத்தமான கரண்டியால் எடுத்து, பெயரும் தேதியும் மணியும் ஒட்டி ஃபிரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள். மூன்று நாள் இருக்கட்டும். இடம் போதவில்லை என்று யாராவது அதைச் சாப்பிட்டுத் தீர்க்காமல் இருக்க, பூட்டு உள்ள பெட்டியாகப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: பதிவும் உரிமமும்

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின்படி, பதிவோ உரிமமோ இல்லாமல் உணவுத் தொழில் நடத்தக்கூடாது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்று எல்லோரும் சொல்லும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், தரகர் தேவையில்லை. ஆண்டு விற்றுமுதலைப் பொறுத்துப் பதிவா, மாநில உரிமமா, மத்திய உரிமமா என்பது மாறும். வரம்புகளும் கட்டணமும் திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணைக் கடையிலும் ரசீதிலும் போட வேண்டும்.

உரிமம், பதிவு குறித்த 2011ஆம் ஆண்டு விதிகளின் நான்காம் அட்டவணையை ஒரு முறை பொறுமையாகப் படியுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்கப்போவது எல்லாம் அதில் இருக்கிறது: பணியாளர்களின் ஆண்டு மருத்துவச் சான்று, டைபாய்டு தடுப்பூசி, பூச்சிக் கட்டுப்பாடு, தண்ணீர் அறிக்கை. இருபத்தைந்து பணியாளருக்கு ஒருவர் ஃபாஸ்டாக் என்ற எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு முதலாளி போவதைவிட மாஸ்டரை அனுப்புவது பலன் தரும் என்பது என் அனுபவம். கரண்டி அவர் கையில் இருக்கிறது.

புகார் வந்தால்

போன் வந்ததும் எதிர்த்துப் பேசாதீர்கள். யாருக்கு, என்ன அறிகுறி, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்ற நான்கையும் கேட்டு எழுதுங்கள். சில மணி நேரத்தில் வாந்தி என்றால் பெரும்பாலும் நஞ்சு; பாதி நாள் கழித்துக் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு என்றால் பெரும்பாலும் வேறு கிருமி. மருத்துவருக்கு அந்த மணிக்கணக்கு உதவும். எல்லோரையும் உடனே மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்; செலவை யார் ஏற்பது என்ற பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மீதி இருக்கும் சாப்பாட்டைப் பரிமாறுவதை எல்லா இடத்திலும் நிறுத்துங்கள், ஆனால் கொட்டாதீர்கள், பாத்திரத்தைக் கழுவாதீர்கள். பயத்தில் முதலில் செய்யத் தோன்றுவது கழுவுவதுதான்; நாங்களும் அதைத்தான் செய்தோம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நீங்களே தகவல் சொல்லுங்கள். மாதிரிப் பெட்டியைப் பூட்டியபடி அவர்களிடம் கொடுங்கள்.

குறிப்பேட்டையும் அப்படியே கொடுங்கள். அன்று பத்து மணிக் கட்டம் நிரப்பாமல் விடுபட்டிருந்தால், விடுபட்டபடியே இருக்கட்டும்.